தொட்டில்ல வளந்த ராஜா புஸ்தகம்

எங்க ஊர் கீவா, அங்க கோட்டைக்குள்ள போனீங்கன்னா, மியூசியத்துல ரெண்டாவது ரூம்ல ஜன்னலோரமா ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கு. அதுக்குள்ள இருக்கறது எங்க புஸ்தகம். எங்க வீட்டுப் புஸ்தகம்னு சொல்லத்தான் வாய் வருது, ஆனா பக்கத்து வீட்டு சபர்குல் இதைப் படிச்சா என் காதைத் திருகிடுவா. அதனால எங்க தெருப் புஸ்தகம்னே சொல்லிடறேன்.

கீவாவை ஆண்ட கான்கள்னு சொல்ற எங்க ராஜாக்கள் கதை பூரா அதுல இருக்கு. யாரு சிம்மாசனம் ஏறினான், யாரு வாய்க்கால் வெட்டினான், யாரு கூடப் பொறந்தவனையே வெட்டினான், எல்லாம். அச்சடிச்சது கிடையாது, கையால எழுதினது. அரபி எழுத்து, எங்க பாஷை. ராஜா புஸ்தகம்னா ஆள் ஒசரத்துக்கு இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. ஒரு ரொட்டி அளவுதான். மடியில வச்சுப் படிக்கறதுக்குன்னு ஒரு இளவரசன் எழுதி வாங்கினது.

முதல் பக்கத்துல நாலு முத்திரை இருக்கு. அந்தக் காலத்துல புஸ்தகம் யார் கைக்குப் போனாலும் அவங்க முத்திரையைக் குத்திடுவாங்க. முதல்ல இளவரசன், பேரிக்காய் மாதிரி முத்திரை. அடுத்தது அவனோட கஜானாக்காரன். மூணாவது ஒரு முலாம்பழ வியாபாரி. அந்த ஆளுக்கு ஒரு எழுத்து தெரியாது, ஆனா வீட்டுக்கு விருந்தாளி வந்தா ராஜா புஸ்தகத்தை நடுவுல வச்சு டீ ஊத்தணும்னு ஆசை. அந்த முத்திரைதான் நாலுலயும் பெரிசு. நாலாவது எங்க வீட்டு குதாய்நசர், என் புருஷனோட தாத்தா. அரண்மனையில எழுத்து வேலை பாத்தவரு. நாலு முத்திரையும் ஆம்பளைங்களோடது. பொம்பளைங்க யார்கிட்ட முத்திரை இருந்துச்சு, குத்தறதுக்கு.

நான் மருமகளா வந்தப்ப அந்தப் புஸ்தகம் என் மாமியார் ஓய்ஜமாலோட பெட்டிக்குள்ள, மெத்தைகளுக்கு அடியில இருந்துச்சு. ஒரு ஒட்டுத்துணியில சுத்தி வச்சிருந்தாங்க. சின்னச் சின்னத் துண்டாச் சேத்துத் தச்ச துணி. ஒவ்வொரு துண்டும் ஒரு நிறம். வருஷத்துக்கு ஒரு தடவை நவ்ருஸ் புத்தாண்டுக்கு முன்னாடி அதை எடுத்து வெயில் காட்டுவாங்க. அப்ப என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, ஒவ்வொரு துண்டு மேலயும் விரலை வச்சு, இது இன்னாரு, இது இன்னாரு மகன்னு சொல்லுவாங்க. மறந்தா தொடையில கிள்ளுவாங்க. அதனால எனக்கு மறக்கல.

மாமியாரும் போனாங்க, என் புருஷன் ஒத்தாஜானும் போயாச்சு. எனக்கும் முட்டி ரெண்டும் பேச ஆரம்பிச்சிடுச்சு. புஸ்தகத்தை மியூசியத்துல கொடுத்துடலாம்னு தோணுச்சு. சொல்லி அனுப்பினேன். ஒண்ணே ஒண்ணு கேட்டேன், இது யார் யார் கையில இருந்துச்சுன்னு முழுசா எழுதி வைக்கணும். சரின்னாங்க.

அப்புறம் ஒரு நாள் ஒரு பையன் வந்தான். பையன்னா நாப்பது வயசு இருக்கும். வெள்ளைக் கையுறை, ஒரு அட்டைப் பெட்டி, நல்ல மரியாதை. உள்ள வந்தவனை மேல வந்து உக்காருன்னா, வாசப்படிக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டான். எங்க ஊர்ல வாசலுக்கு நேர் எதிர்ல, உள்சுவரோரமா இருக்கறதுதான் மரியாதையான இடம். வாசலோரம் உக்காரறவன் ஒண்ணு வீட்டுக்குச் சின்னவன், இல்ல ஏதோ மனசுல இருக்கறவன்.

சபர்குல் அன்னிக்கு வேலையே இல்லாத மாதிரி எங்க வீட்டுலதான் இருந்தா. அவனை மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீ பெக்துர்தி அண்ணன் மகன்தானே. குவாந்திக்"னா.

அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சுபோச்சு, ஏன் வாசலோரம் உக்காந்தான்னு.

அதைச் சொல்லணும்னா பழைய கதை ஒண்ணு சொல்லியாகணும். முப்பதுகள்ல, கம்யூனிஸ்ட் ஆட்சியில, அரபி எழுத்துல ஒரு காகிதம் வீட்டுல இருந்தாலே ஆபத்து. அது ராஜா கதையா வேற இருந்துட்டா கேக்கவே வேணாம். வீடு வீடா வந்து தேடுவாங்க. எங்க தெருவுக்குத் தேட வந்தவன் வெளியூர்க்காரன் இல்ல, எங்க தெருக்காரனே, மத்ரஹிம்னு பேரு. இந்தக் குவாந்திக்கோட தாத்தா. மூணு வீட்டுப் புஸ்தகங்களை எடுத்துட்டுப் போய் குளத்தங்கரையில போட்டுக் கொளுத்தினான். சாம்பல் காத்துல பறந்து காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துப்போச்சுன்னு மாமியார் சொல்லுவாங்க. அன்னிலேருந்து அந்தக் குடும்பத்துக்கு ‘கொளுத்தினவன் வீடு’ன்னே பேரு. மத்ரஹிம் போர்ல செத்தான். பேரு மட்டும் சாகல. அவன் மகன் பெக்துர்தி பெரியவனானதும் தெருவை விட்டே போய், கோட்டைக்கு வெளியில வீடு கட்டிக்கிட்டான்.

சரி, இப்ப டீக்கு வருவோம். குவாந்திக் கையுறையைப் போட்டுக்கிட்டு ஒட்டுத்துணியைப் பிரிச்சான். புஸ்தகத்தைக் கையில எடுத்தவன் அப்படியே மூச்சை அடக்கிட்டான். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கறான்.

"அம்மா, இந்தக் காலத்துப் புஸ்தகம் எதைப் பாத்தாலும் பூச்சி சல்லடையா அரிச்சு வச்சிருக்கும். இதுல ஒரு ஓட்டை இல்லையே"ன்னான்.

"மோந்து பாரு"ன்னேன்.

மோந்தான். "புகை. இஸிரிக் புகை."

"ஆமா. பச்சைக் குழந்தைக்குக் கண்ணு படாம இருக்கப் போடற புகைதான்."

அவன் புஸ்தகத்தை அட்டைப் பெட்டிக்குள்ள வச்சான். ஒட்டுத்துணியை நாலா மடிச்சு என் பக்கம் தள்ளினான். "இந்தத் துணி வேணாம்மா. அழுக்கு. புஸ்தகம் மட்டும் போதும்."

சபர்குல்லுக்கு மூக்குக்கு மேல ஏறிடுச்சு. "அழுக்கா. அந்த மஞ்சள் பட்டு என் சட்டைடா. நீ போட்டிருக்கிற சட்டையை விடச் சுத்தம்"னா.

நான் அவளை அடக்கிட்டு, கண்ணாடிப் பெட்டியில ஒட்டப்போற அட்டையைக் காட்டுன்னு கேட்டேன். காட்டினான். இளவரசன், கஜானாக்காரன், வியாபாரி, எழுத்தர் குதாய்நசர். அதுக்குக் கீழ, ‘அதன் பிறகு யாரிடம் இருந்தது என்று தெரியவில்லை’ன்னு போட்டிருக்கு.

"தெரியலையா. நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், தெரியலையா"ன்னு கேட்டேன்.

"ஆதாரம் வேணும்மா."

"தொட்டில் கதை உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் டீக்கோப்பையையே பாத்துக்கிட்டு, "கேள்விப்பட்டிருக்கேன்"னான்.

கேள்விப்படாம இருப்பானா. இந்தத் தெருவுல பொறந்தவங்க எல்லாருக்கும் தெரியும். மத்ரஹிம் தேட வர்றான்னு தெரிஞ்சதும், என் மாமியார் புஸ்தகத்தை எடுத்து மரத்தொட்டில்ல தலகாணிக்கு அடியில வச்சு, மேல குழந்தையைப் போட்டுப் பட்டித்துணியால கட்டிட்டாங்க. அந்தக் குழந்தை என் புருஷன். பொறந்து பத்துப் பதினஞ்சு நாள்தான். நாப்பது நாள் ஆகற வரைக்கும் குழந்தை இருக்கிற ரூமுக்குள்ள வெளியாளு காலை வைக்கக் கூடாது. வச்சா குழந்தைக்கு ஆகாதுன்னு எங்க ஜனங்க நம்பிக்கை. மத்ரஹிம் எல்லா ரூமையும் கவுத்துப் போட்டுட்டு அந்த வாசப்படிகிட்ட வந்து நின்னான். உள்ள தொட்டில். பக்கத்துல மாமியார்.

"குழந்தைக்கு நாப்பது எப்ப முடியுது?"ன்னு கேட்டானாம்.

"அடுத்த மாசம்"னாங்களாம் மாமியார்.

"அப்ப அடுத்த மாசம் வர்றேன்."

பாருங்க, கட்சி வேலை பாக்கறவன், சாமியும் கிடையாது பூதமும் கிடையாதுன்னு கூட்டம் போட்டுப் பேசறவன். ஆனா நாப்பதாகாத குழந்தை ரூம் வாசப்படியைத் தாண்ட அவன் காலு வரல. வெளியூர்க்காரனை அனுப்பியிருந்தா அன்னிக்கே ராஜாக்கள் கதை முடிஞ்சிருக்கும்.

அடுத்த மாசம் அவன் வந்தப்ப புஸ்தகம் அங்க இல்ல. நாலு வீடு தள்ளி இன்னொருத்திக்குக் குழந்தை பொறந்திருந்துச்சு, அங்க போயிடுச்சு. அந்தக் குழந்தைக்கு நாப்பது முடிஞ்சா அடுத்த வீடு. மாவுக் கூடைக்குள்ள போகும், ரொட்டிக்கு அடியில போகும், ஒரு தடவை கல்யாணச் சீர்த் தட்டுல கூடப் போச்சாம். அப்ப எங்க தெருவுல எதுக்கு வேணா பஞ்சம் உண்டு, குழந்தைக்குப் பஞ்சம் கிடையாது. வருஷக்கணக்கா இப்படியே சுத்துச்சு. எந்த வீட்டுக்குப் போச்சோ, அந்த வீட்டுக்காரி தன் குழந்தையோட முதல் சட்டையில ஒரு துண்டு வெட்டிப் புஸ்தகம் சுத்தற துணியில சேத்துத் தச்சுடுவா. முதல் சட்டையை நாங்க ஓரம் அடிக்க மாட்டோம், பித்தான் வைக்க மாட்டோம், நாப்பது நாள் போட்டுட்டு எடுத்து வச்சிடுவோம். அந்தத் துணி அவ்வளவு ஒசத்தி. ராஜா முத்திரை குத்தினான், எங்க பொம்பளைங்க சட்டைத் துண்டு வச்சுத் தச்சாங்க. ஆபத்து தீர்ற வரைக்கும் ஒருத்தி கூட வாயைத் திறக்கல. புருஷன்கிட்ட கூட. எங்க தெருப் பொம்பளைங்க வாயைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

இதைத்தான் அவன் ‘தெரியவில்லை’ன்னு போட்டிருந்தான்.

"இதெல்லாம் எழுதினா, தேடி வந்தது யாருன்னு எல்லாரும் கேப்பாங்க"ன்னான் குவாந்திக். இப்ப அம்மாங்கறது போயிடுச்சு. "பெரியம்மா, எங்க அப்பாவுக்கு இன்னிக்கும் கல்யாண வீட்டுக்குப் போனா வாசலோரம்தான். யாரும் அங்க உக்காருன்னு சொல்றதில்ல. அவராவே உக்காந்துக்கறாரு. சின்ன வயசுல ஒரு தடவை மேல போய் உக்காந்தாராம். ஒருத்தர் ‘சாம்பல் வாடை வருது’ன்னாராம். அதுக்கப்புறம் போனதே இல்ல. இப்ப நானே என் கையால எழுதி, மியூசியத்துலயும் ஒட்டணுமா?"

சபர்குல் கூட வாயை மூடிக்கிட்டா. அவ வாயை மூடறது வருஷத்துக்கு ரெண்டு தடவை நடந்தா அதிகம்.

நான் எந்திரிச்சு அவன் பக்கத்துல போய், வாசலோரத்துலயே உக்காந்தேன். முட்டி கதறுச்சு. ஒட்டுத்துணியை அவன் மடியில விரிச்சேன். மாமியார் பண்ணின மாதிரியே விரலை வச்சேன்.

"இந்த நீலம் என் வீட்டுக்காரர். இது ரொட்டி சுடற ஷரிபா மகன். இந்த மஞ்சள் பட்டு இதோ நிக்கறாளே, இவ. இந்தக் காக்கி யாருன்னு நினைக்கிற?"

அவன் பாத்தான். மத்ததெல்லாம் பட்டு, பூப்போட்ட பருத்தி. நடுவுல ஒண்ணு மட்டும் கெட்டிக் காக்கித் துணி. அதுல ஒரு பித்தான் ஓட்டை.

"முதல் சட்டைக்குப் பித்தான் ஏது?"ன்னான்.

"குழந்தை சட்டைக்குக் கிடையாது. அதிகாரி சட்டைக்கு உண்டு. உங்க பாட்டி அனாபிபிக்கு நிறைமாசம், கடையில துணி இல்ல. புருஷனோட பழைய யூனிஃபார்மை எடுத்து, பாக்கெட்டோட சேத்து வெட்டிச் சட்டை தச்சுட்டா. அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத் தொட்டில்ல படுத்திருந்தது உங்க அப்பா. தலகாணிக்கு அடியில இருந்தது இந்தப் புஸ்தகம்."

அவன் என் முகத்தையே பாக்கறான். நான் கதை விடறேன்னு நினைச்சிருப்பான்.

"எங்க மாமியார் வேணாம்னு சொன்னாங்களாம். எங்க போனாலும் போகட்டும், அந்த வீட்டுக்கு மட்டும் வேணாம்னு. அனாபிபிதான் ராத்திரி வந்து சண்டை போட்டாளாம். ‘தெருவுல எல்லாத் தொட்டிலும் நல்ல தொட்டில், என் தொட்டில் மட்டும் நாய்க் கூண்டா’ன்னு. வாங்கிட்டுப் போயிட்டா. நாப்பது நாளும் அந்த வீட்டுல இருந்துச்சு. உங்க தாத்தா தெருத்தெருவாத் தேடிட்டு வந்து, சாயங்காலம் தன் வீட்டுலயே ராஜாக்கள் அத்தனை பேரையும் தொட்டில்ல ஆட்டித் தூங்க வச்சிருக்கான்."

சபர்குல் சிரிச்சிட்டா. அவனுக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா கண்ணு வேற மாதிரி இருந்துச்சு.

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

"அது எனக்குத் தெரியாதுப்பா. ‘தலகாணி ஏன் இவ்வளவு ஒசரமா இருக்கு’ன்னு ஒரு தடவை கேட்டானாம். ‘உங்க பிள்ளைக்கு உங்கள மாதிரியே தலைக்கனம், அதான்’னாளாம் அனாபிபி. அதுக்கு மேல கேக்கலையாம். தெரிஞ்சு விட்டானா, தெரியாம விட்டானா, ரெண்டு பேருமே போயாச்சு, யாரைக் கேக்க. அவன் கொளுத்தினதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். மூணு வீட்டுப் புஸ்தகம் போனது போனதுதான். ஆனா உங்க வீடுன்னா அவன் ஒருத்தன் மட்டுமா?"

"இதை ஏன் இத்தனை நாளா எங்க அப்பாகிட்ட யாருமே சொல்லல?"

அதுக்கு நான்தான் பதில் சொன்னேன். "அனாபிபி சத்தியம் வாங்கியிருந்தா. புருஷனுக்குத் தெரிஞ்சா அவன் வேலை போகும், இல்ல உயிரு போகும்னு. அவன் செத்த கொஞ்ச நாள்ல அவளும் போயிட்டா. சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க ஆளு இல்ல." சபர்குல்லுக்குத் தாங்கல. "காக்கியைப் பத்தி இவ மாமியார் இவளுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கா. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் என்கூட டீ குடிச்சிருக்கா, சொல்லல பாரேன்."

"பக்கத்து வீட்டுக்காரி நீ. உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதானே"ன்னேன்.

"புஸ்தகத்தைக் காப்பாத்தின சத்தியம். புஸ்தகம் வீட்டை விட்டுப் போறப்ப சத்தியமும் கூடப் போகட்டும்"னு அவனைப் பாத்துச் சொன்னேன். "உங்க அப்பாகிட்ட இந்தத் துணியை எடுத்துட்டுப் போ. அப்புறம் அட்டையில என்ன எழுதணும்னு நீயே முடிவு பண்ணு. ‘தெரியவில்லை’ன்னுதான் எழுதுவேன்னா, புஸ்தகத்தைத் திருப்பிக் கொண்டாந்துடு. என் பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். தெரியாத புஸ்தகத்துக்குக் கண்ணாடி எதுக்கு."

அவன் புஸ்தகப் பெட்டி மேலயே துணியை வச்சு எடுத்துட்டுப் போனான். இப்ப நாலா மடிக்கல. ரெண்டு கையிலயும் ஏந்திட்டுப் போனான், சூடான ரொட்டியை எடுத்துட்டுப் போற மாதிரி.

மறுநாள் வரல. அதுக்கடுத்த நாளும் வரல. எனக்குச் சோறு இறங்கல. சபர்குல் வேற சுவருக்கு மேல தலையை நீட்டி, "துணியும் போச்சு, புஸ்தகமும் போச்சு. கையுறை போட்டவனை நம்பினியே. பெட்டியில இனி உன் மெத்தைதான்"னு ஏத்திவிட்டுக்கிட்டே இருந்தா.

வெள்ளிக்கிழமை காலையில தந்தூர் அடுப்புல ரொட்டி ஒட்டிக்கிட்டு இருக்கேன், வாசல்ல பெக்துர்தி அண்ணன் நிக்கறாரு. மகன் பின்னாடி நிக்கறான். அந்த மனுஷன் எங்க தெருவுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னே தெரியாது. தலையில பெரிய ஆட்டுத்தோல் தொப்பி. வெயில் காலம், நெத்தியில வேர்வை ஓடுது, ஆனா தொப்பியைக் கழட்டல. விசேஷத்துக்கு வர்ற மாதிரி வந்திருக்காரு.

"தங்கச்சி"ன்னாரு. ஒட்டுத்துணியை விரிச்சு அந்தக் காக்கித் துண்டு மேல உள்ளங்கையை வச்சாரு. "நான் சின்னப் பையனா இருக்கறப்ப எங்க அம்மா சொல்லுவா, என் முதல் சட்டைக்காக அப்பா பெரிய சண்டை போட்டாருன்னு. அரசாங்கச் சட்டையை வெட்டிட்டியேன்னு கத்தினாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. எதுக்குச் சிரிக்கறான்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. சண்டை போட்ட கதைக்கு யாராவது அப்படிச் சிரிப்பாங்களா."

நான் ரொட்டியைப் பாக்காம விட்டுட்டேன். ரெண்டு கருகிப்போச்சு.

குவாந்திக் புது அட்டையை எடுத்துக் கொடுத்தான். நாலு முத்திரைக்காரங்களும் அப்படியே. அதுக்குக் கீழ எங்க தெரு பேரு. அதுக்குக் கீழ ஒவ்வொரு தாய் பேரும், ஒவ்வொரு குழந்தை பேரும். ஓய்ஜமால், ஒத்தாஜான். ஷரிபா, அவ மகன். சபர்குல்லும் அவ அம்மாவும். நடுவுல அனாபிபி, பெக்துர்தி. பொடி எழுத்து, ஆனா எல்லாரும் இருக்காங்க.

"பெரியம்மா, தாத்தா பேரைப் போடலாமா?"ன்னு கேட்டான்.

நான் பெக்துர்தி அண்ணனைப் பாத்தேன். அவரு, "வேணாம். வச்சுக் காப்பாத்தினது அம்மா"ன்னாரு. "தேடினது யாருன்னு கேட்டா நானே சொல்லிக்கறேன், எங்க அப்பான்னு. சொல்ல எனக்கு இப்பக் கஷ்டம் இல்ல."

பெட்டி திறந்த அன்னிக்கு மியூசியம் முற்றத்துல விருந்து போட்டோம். பெரிய அண்டாவுல புலாவ் வெந்துச்சு, மாவுப் பைக்குள்ள முட்டை ஊத்தி வேகவச்ச பராக் தட்டுத் தட்டா வந்துச்சு. எங்க தெருவே கிளம்பிப் போயிருந்தோம். கண்ணாடிக்குள்ள புஸ்தகம் திறந்து இருக்கு, அதுக்கு அடியில எங்க ஒட்டுத்துணியை விரிச்சு வச்சிருக்காங்க. நிறம் நிறமா அது மட்டும்தான் கண்ணுல படுது. ராஜா கொஞ்சம் மங்கலாத்தான் தெரியறாரு. வந்தவங்க எல்லாம் குனிஞ்சு, இது எங்க அம்மா, இது எங்க மாமான்னு துண்டைத் தேடறாங்க. சபர்குல் மஞ்சள் பட்டுக்கு நேரா நின்னுக்கிட்டு நகரவே இல்ல, காவல்காரி மாதிரி. தெரியாத வெளியூர்க்காரங்களைக் கூட நிறுத்தி, "இது என் சட்டை"ன்னா. "அந்த இளவரசனோட முத்திரை அழிஞ்சுபோச்சு பாருங்க. என் துண்டு சாயம் கூடப் போகல"ன்னா.

விருந்துக்கு உக்காரறப்ப பெக்துர்தி அண்ணன் வழக்கம் போல வாசலோரமாப் போய் முட்டி போட்டு உக்காந்தாரு. பழக்கம், என்ன பண்றது. யாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. சபர்குல்லுக்குத் தெரிஞ்சது.

"பெக்துர்தி அண்ணே, எந்திரிங்க"ன்னா. "இந்த ஊர் ராஜாக்கள் தலை மேல தன் தலையை வச்சுப் படுத்தவன் வாசல்ல உக்காந்தா, அப்ப நாங்க எல்லாம் தெருவுலயா உக்காரறது? மேல போங்க. எனக்குப் பசிக்குது."

எல்லாரும் சிரிச்சோம். அவரும் சிரிச்சாரு. எந்திரிச்சு, உள்சுவரோரமா எல்லாரும் ஒதுங்கி விட்ட இடத்துக்குப் போனாரு. போற வழியில ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நின்னாங்க. அவரு உக்காந்து தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு, முதல் ரொட்டியை எடுத்துப் பிட்டுக் கொடுக்க ஆரம்பிச்சாரு.